பந்தல் கட்டிய மஞ்சள் குழாய்

உங்கள் மாமா இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் நெருப்பு கொஞ்சம் பெரிதாகிறது. போன தீபாவளிக்கு அவர் சொன்னபோது தீ மொட்டைமாடி வரைக்கும் ஏறிவிட்டது. பிள்ளைகளே, அன்றைக்கு நெருப்பே இல்லை. அது வராமல் பார்த்துக்கொள்ளத்தான் அவ்வளவு பாடும். நான் ஒவ்வொரு முறையும் திருத்திச் சொல்லி அலுத்துவிட்டேன். பத்தாவது வரை படித்த கை இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தபடி ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன். நாளைக்கு உங்கள் வீட்டிலும் அடுப்பு இருக்கும்.

முதலில் மாமாவுக்கும் நமக்கும் இருந்த மனத்தாங்கலைச் சொல்ல வேண்டும். இந்த வீட்டைக் கட்டிப் பால் காய்ச்சியபோது, அலங்காநல்லூரிலிருந்து அண்ணன் சீரோடு வந்த பிறகுதான் பாலை அடுப்பில் வைக்க வேண்டும் என்று உங்கள் அம்மா சொல்லியிருந்தாள். மாமா வந்த வேன் வழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். பால் பொங்கி எல்லாரும் குடித்து முடித்த பிறகு மாமா சீர்த் தட்டுகளோடு வாசலில் வந்து நின்றார். காலி டம்ளர்களைப் பார்த்தார். தட்டுகளை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது.

பெரியவளே, உனக்குக் காது குத்தியபோது மாமா வரவில்லை. பெரியப்பா மடியில் உட்கார வைத்துத்தான் குத்தினோம். அன்றைக்கு அம்மா அழுததை நீ ஊசிக்குப் பயந்து அழுகிறாள் என்று நினைத்தாய்.

பிறகு சின்னவன் பிறந்தான். அவனுக்குக் காது குத்தும் வயது வந்ததும் அம்மா தானே பஸ் ஏறி அலங்காநல்லூர் போனாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "அண்ணே வாரேன்னுட்டாரு. மேளத்தோட வாராராம். தோடு, சட்டை, மாலை எல்லாம் அவரு செலவுதானாம்." அன்று ராத்திரி நெடுநேரம் அடுப்படியில் அவள் தனியாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்க்க அவ்வளவு பாத்திரம் இல்லை.

விழா அன்று சாயங்காலம். நான் விடியலிலிருந்து என் லோடு வண்டியில் நாற்காலி ஏற்றி இறக்கி, தண்ணீர் கேன் அடுக்கி, பிரியாணி மாஸ்டர் வீட்டுக்கு இரண்டு நடை போய் வந்து, இடுப்பு ஒடிந்துபோயிருந்தேன். வாசலில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தோம். சமையல் எல்லாம் மாஸ்டர் வீட்டில்தான். நம் அடுப்பில் முட்டை மட்டும் அவித்து முடித்து, அண்டாவில் போட்டு வைத்திருந்தார்கள்.

மழைக்கு முந்தின காற்று ஒன்று வீசி வீசி அடித்தது. பந்தல் துணி உப்பிக் கொண்டு எழும், பிறகு பொத்தென்று விழும்.

நான் அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். ஒரு கெட்ட வாடை.

"ஊளமுட்ட ஒண்ணு கெடந்திருக்கும்," என்றார் முட்டை உரித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா. "கடக்காரன் தலையில கட்டிட்டான். நானும் அப்பயிருந்து தேடுறேன், எதுன்னு தெரியல."

அவர் ஒவ்வொரு முட்டையாக மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் நல்ல முட்டை. நான் அண்டா பக்கம் குனிந்து பார்த்தேன். வாடை குறைந்தது. நிமிர்ந்தேன். கூடியது. பரண் பக்கம் முகத்தைத் தூக்கினால் இன்னும் கூடியது. முட்டை வாடை மேலே போய் ஏன் உட்கார வேண்டும்?

குழாய் கேஸ் நம் தெருவுக்கு அப்போதுதான் வந்திருந்தது. இணைப்புக் கொடுக்க வந்தவர் சொன்னது ஞாபகம் வந்தது. சிலிண்டர் கேஸ் கனமானது, தரையில் இறங்கிக் கிடக்கும். இந்தக் கேஸ் லேசானது, மேலே ஏறும். வாடை தெரிய வேண்டும் என்றே அதில் நாற்றம் கலந்து அனுப்புகிறார்கள். அடுப்பைப் பார்த்தேன். எல்லாத் திருகும் மூடித்தான் இருந்தது. ஆனால் அடுப்புக்குப் பின்னால், சுவரைத் துளைத்துக்கொண்டு குழாய் உள்ளே வருகிற இடத்தில், இரைச்சல் என்றும் சொல்ல முடியாத மெல்லிய ஒரு 'ஸ்ஸ்'.

"அக்கா, முட்டைய விடுங்க. கேஸ் கசியுது. வெளிய போங்க."

"கேஸா? அப்ப வெளக்கமாறு குடு தம்பி, கதவத் தொறந்து வச்சுக் கூட்டித் தள்ளிருவோம். எங்க வீட்டுல சிலிண்டர் கசிஞ்சப்ப அப்படித்தான் பண்ணோம்."

"இது கீழ இல்லக்கா. தலைக்கு மேல நிக்குது. நீங்க போங்க."

அக்கா அண்ணாந்து பரணைப் பார்த்தார். பிறகு முட்டை உரித்த கையோடு ஓடினார். ஓடுகிற ஓட்டத்தில் பழக்கத்துக்கு லைட் ஸ்விட்சை அணைக்கக் கை நீட்டினார். "தொடாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் அவருக்கே தூக்கிப் போட்டது. போடுவதுதான் ஆபத்து, அணைப்பது நல்லது என்று நாம் நினைக்கிறோம். ஸ்விட்சுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஒரு பொறி பறக்கும். எரிகிற லைட் எரியட்டும், ஓடுகிற ஃபேன் ஓடட்டும், எதையும் தொடக்கூடாது. ஜன்னலை மட்டும் விரியத் திறந்துவிட்டு நானும் வெளியே வந்தேன்.

கூடத்தில் உங்கள் அம்மா குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டு, திரி போட்டு, கையில் தீப்பெட்டியோடு நின்றாள். மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் ஏற்ற வேண்டும் என்று காத்திருந்தாள். நான் அவள் கையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"கேஸ் கசியுது. பிள்ளைகளத் தூக்கு. எல்லாரையும் கூட்டிக்கிட்டு ரேஷன் கடைப் பக்கம் போ. எதையும் எடுக்காத."

அவள் சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பெரியவளே, நீ செருப்பைத் தேடினாய். செருப்பு வேண்டாம் என்று உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது நான்தான். அதற்கு நீ ரொம்ப நாள் கோபமாக இருந்தாய்.

வாசலுக்கு வந்து பக்கச் சுவரைப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. பந்தல்காரர் ஒரு பக்கக் கயிற்றை, சுவரில் போகிற மஞ்சள் குழாயில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். அவருக்கு அது சுவரில் உறுதியாக நிற்கிற ஒரு கம்பி. நம் ஊரில் பந்தல் கட்டுகிறவர்கள் கரண்டுக் கம்பம், ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குழாய் என்று எது கைக்கு எட்டுகிறதோ அதில் கட்டுவார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நாம் எல்லாருமே காலையிலிருந்து அதைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தோம். காற்று பந்தலைத் தூக்கும்போதெல்லாம் கயிறு குழாயைச் சுண்டி இழுத்திருக்கிறது. இழுத்து இழுத்து, சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த இணைப்பு விட்டுப்போயிருக்கிறது.

மீட்டர் பக்கத்தில் வெளியே ஒரு கைப்பிடி உண்டு. குழாயோடு ஒரே வாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் குறுக்கே திருப்பினேன். கசிவுக்கு வரத்து நின்றது. ஆனால் உள்ளே நிரம்பியது நிரம்பியதுதானே? திறந்த ஜன்னல் வழியாக வெளியே வருகிற கேஸுக்கு மேலே பந்தல் துணி மூடி போலக் கவிந்து கிடந்தது. அந்தப் பந்தலுக்கு அடியில்தான் ஆரத்தித் தட்டில் கற்பூரம் வைத்திருந்தது.

பந்தல்காரர் ஓடிவந்தார். "என்னண்ணே, எல்லாம் ஓடுறாங்க? இருட்டப் போகுது, சீரியல் லைட்டப் போட்டுவிடட்டுமா?"

"அண்ணே, கும்பிடுறேன். எதையும் போட்டுவிடாதீங்க. அந்தக் கயிறு எதுல கட்டியிருக்குன்னு பாருங்க."

பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. "அவுத்து விட்ரட்டாண்ணே?"

"இப்ப எதையும் தொட வேணாம். வாங்க, போயிருவோம்."

"அப்ப உங்க வண்டி? பந்தலுக்குள்ளல்ல நிக்குது. சாவியக் குடுங்க, எடுத்து அங்கிட்டு விட்டுட்டு வந்துர்றேன்."

வண்டியைக் கிளப்பினாலும் பொறிதான். நமக்குச் சோறு போடுகிற வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அதையும் மறைக்க விரும்பவில்லை.

ரேஷன் கடை அருகே வந்துதான் செல்போனை எடுத்தேன். மீட்டர் பெட்டியில் ஒட்டியிருந்த அவசர எண்ணை எப்போதோ பதிந்து வைத்திருந்தேன். வீட்டுக்குள் நின்று பேசக்கூடாது, தள்ளி வந்துதான் பேச வேண்டும். பேசியவர் நிதானமாகக் கேட்டார்: எல்லாரும் வெளியே வந்தாச்சா, வால்வை மூடியாச்சா, பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறார்களா? வருகிறோம், நாங்கள் சொல்கிற வரைக்கும் யாரும் உள்ளே போக வேண்டாம் என்றார். பக்கத்து வீடுகளில் இருந்தவர்களையும், பெல் அடிக்காமல், வெளியே நின்று கூப்பிட்டு அழைத்து வந்தோம்.

அப்போதுதான் ரேஷன் கடைக்கு அப்பால் தெருமுனையில் வெடிச் சத்தம் கேட்டது.

மாமா வந்துவிட்டார்.

உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க. அண்ணன நிப்பாட்டாதீங்க. வெடிய மட்டும் வேணாம்னு சொல்லுங்க. அவரு பந்தல் வரைக்கும் வந்து, தட்ட எறக்கி வச்சுட்டு..."

"பந்தலுக்குள்ளதான் கேஸ் நிக்குது."

"நிப்பாட்டினா திரும்பிப் போயிருவாருங்க. இந்தத் தடவ போனாருன்னா அம்புட்டுதான். எனக்குப் பெறந்த வீடுன்னு ஒண்ணு இருக்காது."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனாலும் அவள் கையை விலக்கிவிட்டு ஓடினேன்.

மேளத்துக்கு முன்னால் ஒருவன் சரவெடியைத் தெருவில் நீளமாக விரித்துக்கொண்டிருந்தான். கையில் கங்கோடு ஊதுபத்தி. நம் வீட்டுக்கு அது கொஞ்ச தூரம்தான். நான் போய் அந்தக் கங்கை விரலால் நசுக்கி அணைத்தேன். இந்தக் கட்டைவிரலில் இருக்கிற தழும்பு அதுதான். பிறகு மேளக்காரர்களுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன். மேளம் தடுமாறி, ஒவ்வொன்றாக நின்றது.

வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கழுத்தில் யாரோ போட்ட மாலையோடு மாமா முன்னால் வந்தார்.

"என்ன மாப்ள, வழிய மறிக்கிற?"

"மச்சான், கொஞ்சம் இங்கனயே நில்லுங்க. வீட்டுல கேஸ் கசியுது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் தட்டோடு நின்ற ஒருவர் உரக்கவே சொன்னார்: "பிரியாணி இன்னும் எறங்கல போல. அதுக்கு இப்படி ஒரு சாக்கு." நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மாமா சிரிக்கவில்லை. "பால் காச்சுனப்ப வாசல்ல நிக்க வச்சீங்க. இப்ப தெருவுல நிக்க வைக்கிறீங்க. அடுத்த விசேசத்துக்கு ஊரு எல்லையிலேயே நிப்பாட்டிருவீங்களா மாப்ள?"

"மச்சான், சத்தியமா..."

"கேஸ் கசிஞ்சா வாட வரும்ல? எனக்கு ஒண்ணும் வரலயே."

"இங்க வராது மச்சான். காத்து அங்கிட்டு அடிக்குது. வாட வர்ற தூரத்துக்கு நீங்க போகக்கூடாதுன்னுதான் நிப்பாட்டுறேன்."

அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். திரும்புகிறவர் செய்கிற வேலை அது.

அப்போது உங்கள் அம்மா வந்தாள். சின்னவன் இடுப்பில். அவள் கெஞ்சுவாள் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணே, அன்னைக்கு ஒனக்காகக் காத்திருக்காமப் பால் காச்சினோம். அது எங்க தப்பு. இன்னைக்கு ஒன் உசுருக்காக நிப்பாட்டுறோம். இந்த ரெண்டும் ஒண்ணுன்னு ஒனக்குத் தோணுச்சுன்னா, போ. போயிட்டு வான்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பந்தலுக்குள்ள நான் ஒன்ன விட மாட்டேன்."

மாமா அவளைப் பார்க்கவில்லை. தொலைவில் ஆளில்லாமல் உப்பி உப்பி எழுந்துகொண்டிருந்த பந்தலைப் பார்த்தார். பிறகு சீரில் வந்த எவர்சில்வர் அண்டாவை வாங்கி, ரேஷன் கடைச் சுவரோரமாகக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. ஒரு சொந்தக்காரர் பீடியை எடுத்தபோது மட்டும் வாய் திறந்தார். "எடுத்துட்டு வெளியூரு போயிருய்யா. இங்க வேணாம்."

காத்திருந்தோம். தட்டுகளை எல்லாம் ரேஷன் கடைத் திண்டில் வரிசையாக வைத்தார்கள். மாஸ்டர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. அதைத் தெருமுனையிலேயே இறக்கி நின்றபடியே சாப்பிட்டார்கள். "முட்ட எங்கப்பா?" என்று ஒருவர் கேட்டார். எதிர்வீட்டு அக்கா, "முட்டதான்யா காரணமே இல்லாமத் திட்டு வாங்கிட்டு உள்ள கெடக்கு," என்றார். மாமாவுக்கு ஒரு தட்டு கொண்டு போனேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். தண்ணீரும் வேண்டாம். காது குத்த வந்த ஆசாரி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல நேரம் முடியப் போகுது," என்றார். யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் பொதுவாகச் சொன்னார்.

நல்ல நேரம் என்று கேட்டதும் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தச் சொல்தான் பால் காய்ச்சிய அன்றைக்குக் குடும்பத்தைப் பிரித்தது.

கேஸ் ஆட்கள் வந்து, ஒரு கருவியை நீட்டிக்கொண்டே வீட்டுப் பக்கம் போனார்கள். திரும்பி வந்த ஒருவர், "பந்தல் அடியிலேயே காட்டுதுங்க. உள்ள நெறையா இருக்கு. நல்ல வேளை யாரும் எதையும் கொளுத்தல. காத்தாட விடணும். இன்னும் நேரமாகும்," என்றார். என்னிடம்தான் சொன்னார். மாமா உட்கார்ந்திருந்த இடத்துக்கு அது நன்றாகக் கேட்கும்.

மாமா கொஞ்ச நேரம் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சரவெடிக்காரன் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றான், சுருட்டிய வெடியைக் குழந்தையைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு.

"ஆசாரி," என்றார் மாமா. "எம்புட்டு நேரம் இருக்கு?"

"கொஞ்சந்தான் இருக்கு."

"தோடு எங்கிட்ட இருக்கு. மடியும் எங்கிட்டதான் இருக்கு. பந்தலுக்கா காது குத்தப் போற? பிள்ளையக் கொண்டா."

அப்படித்தான் சின்னவனே, உனக்கு ரேஷன் கடை வாசலில், கவிழ்த்த அண்டாவின்மேல் உட்கார்ந்த மாமா மடியில் காது குத்தியது. விளக்கு இல்லை, கற்பூரம் இல்லை, வெடி இல்லை. நீ அழுத அழுகைதான் மறுபடி தொடங்கிய மேளத்துக்கு மேலே கேட்டது. மாமாவின் வெள்ளைச் சட்டை முழுக்க உன் மூக்குச் சளி. உங்கள் அம்மா பக்கத்தில் நின்று உன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலேயே உன்னை மட்டும் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

இருட்டிய பிறகு கேஸ் ஆட்கள் உள்ளே போகலாம் என்றார்கள். கயிற்றை அவர்களே அவிழ்த்திருந்தார்கள். இணைப்பை மாற்ற வேண்டும், மறுநாள் வருகிறோம், அதுவரை அடுப்பு கிடையாது என்று வால்வுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். பந்தல்காரர் என் முகத்தைப் பார்க்க முடியாமல் கூலியும் வாங்காமல் போகப் பார்த்தார். கூப்பிட்டுக் கொடுத்தேன். அவரைத் திட்ட எனக்குத் தெம்பு இல்லை. இன்றைக்கும் அவர் ஒரு தெருவுக்குள் பந்தல் போடப் போனால் முதலில் சுவரைத்தான் பார்க்கிறாராம். யாரோ சொன்னார்கள்.

மேளக்காரர்களும் சொந்தக்காரர்களும் வேனில் ஏறிவிட்டார்கள். மாமா ஏறவில்லை. நடந்து வந்து நம் வாசல்படிக்கு வெளியே நின்றார்.

"உள்ள வரலாமா, இல்ல இன்னும் நிக்கணுமா?"

"வாண்ணே," என்றாள் அம்மா.

வந்து கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். வீடு கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகு அவர் கால் இந்தத் தரையில் பட்டது அன்றைக்குத்தான். அம்மா பரபரவென்று அடுப்படிக்குப் போனாள். பாலை எடுத்துப் பாத்திரத்தில் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. அடுப்பு கிடையாது என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. பால் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து நின்றாள்.

மாமா பாத்திரத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"இந்த வீட்டுல எனக்கு மட்டும் பாலு காயவே மாட்டேங்குது தாயி," என்றார்.

உங்கள் அம்மா சிரித்தாள். சிரித்து, அழுது, பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு முனைக் கடைக்கு டீ வாங்கப் போனேன். கால் இரண்டும் கெஞ்சின. டீக்கடைக்காரர், "என்னண்ணே, விசேச வீட்டுல டீ கூடப் போடலயா?" என்று கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் ஆற்றி முடித்து ஊற்றிக் கொடுக்கிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.